வீடியோ என்று மட்டும் சொன்னேன்

பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து போனில் ஒரு செய்தி வந்திருப்பதாக மருமகள் வாசித்துக் காட்டினாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இனிமேல் வீடியோ கேம் வைத்து சயின்ஸ் சொல்லிக்கொடுப்பார்களாம். படிப்பில் பிடிப்பு இல்லாத பிள்ளைகளும் அதனால் ஆசையாகப் படிக்குமாம். பெற்றோருக்குச் சம்மதம் என்று ஒரு கட்டத்தை அமுக்க வேண்டும். "எவ்வளவு புதுசா யோசிக்காங்க பாத்தீங்களாத்த?" என்று சொல்லிக்கொண்டே அமுக்கிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டாள். அவ்வளவுதான் வேலை. ஒரு கட்டம், ஒரு விரல்.

புதுசாம். எனக்கு வாயெல்லாம் கசந்தது.

என்னோடு நாலாம் வகுப்போடு நின்றுபோனவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மேலே படித்தவர்கள் வேண்டுமானால் எழுத்துப்பிழை பார்த்துக்கொள்ளட்டும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும். குழாயடியிலும் கல்யாண வீட்டிலும் நான் தூணுக்குப் பின்னால் நின்றதைப் பார்த்து ஊமைச்சி என்று சிரித்தவர்களும் உங்களில் உண்டு. எனக்கு நினைவு இருக்கிறது. நான் வாய் திறந்து உருப்படியாகச் சொன்னது ஒரே ஒரு சொல். அது என்ன செய்தது என்று கேளுங்கள்.

அப்போது தாராவியில் எங்களுக்குக் கீழே பட்டறை, மேலே குடித்தனம். இரும்பு ஏணியில் ஏறித்தான் போகணும். அப்பா பெண்கள் வைத்துக்கொள்ளும் தோல் கைப்பை தைத்தார். தோல் ஒட்டுகிற சொலூஷன் டப்பாவைத் திறந்தால் அந்த நெடி மேலே ஏறி, சோற்றிலும் தலையணையிலும் உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை மூக்கைப் பொத்திக்கொள்வாள். எனக்குப் பத்து வயசு. அக்காவுக்குப் பதினாலு முடிந்திருந்தது. அவள் ஒன்பதாவது.

அக்காவுக்கு சயின்ஸ் எடுத்தவர் மாட்டுங்காவிலிருந்து வருகிற சார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஏழு தலைமுறையாக ஆபீசில் உட்கார்ந்த மாதிரி ஒரு தமிழ் பேசுவார். அந்த வகுப்பில் பாதிக்கு மேல் சயின்ஸில் பெயில். "உங்களுக்கெல்லாம் மண்டைக்குள்ளயும் தோல்தான்யா இருக்கு, ஊறப் போட்டாத்தான் இளகும்" என்பாராம். பையன்கள் அதற்கும் சிரிப்பார்களாம். அக்கா வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் பல்லைக் கடிப்பாள்.

அப்புறம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அவருடைய சிநேகிதர் ஒருவர் மாட்டுங்காவில் வீடியோ கேம் கடை போட்டிருந்தார். வாரம் ஐந்து கணக்கு கொடுப்பேன், ஐந்தும் சரியாகப் போட்டவர்களைச் சனிக்கிழமை காலையில், கடைக்கு ஆள் வருவதற்கு முன்னால் கூட்டிக்கொண்டு போவேன், ஆளுக்கு ஒரு ஆட்டம் என்றார். தூங்கிக்கொண்டிருந்த வகுப்பு எழுந்து உட்கார்ந்தது. பெயிலாகிறவன் எல்லாம் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு திரிந்தான்.

முதல் வாரம் அக்கா ஐந்தும் சரியாகப் போட்டிருந்தாள். சார் பையன்கள் பெயரை மட்டும் வாசித்தார். அக்கா எழுந்து நின்றிருக்கிறாள். "சார், சரியா போட்டவங்கன்னுதான சொன்னீங்க? சரியா போட்ட பயலுவன்னு சொல்லலியே?" வகுப்பே சிரித்ததாம். சார் முகம் சிவந்து, அவள் பெயரையும் எழுதிக்கொண்டார்.

வீட்டில் அக்கா, "சனிக்கெழம சயின்ஸ் கிளாஸ்" என்று மட்டும் சொன்னாள். அம்மா, "தங்கச்சியத் தொணைக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். பெரிய பிள்ளை தனியாகப் போகக் கூடாது, சின்னது ஒன்று கூடப் போனால் போதும் என்பது அன்றைய கணக்கு. அப்படித்தான் நான் போனேன்.

ரயில்வே பாலம் ஏறி இறங்கிப் போகணும். கடைக் கண்ணாடிக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. உள்ளே வெளிச்சம் போனால் பெட்டியில் படம் தெரியாதாம். சார் என்னைப் பார்த்து, "சின்னக் குழந்தைக்கு உள்ள வேலையில்லை, நீ படியிலேயே உக்காரு" என்றார். எல்லாச் சனிக்கிழமையும் நான் படியில்தான். கதவு திறந்து மூடும்போது சூடான ஒயர் வாசனை வரும். டுய்ங் டுய்ங் என்று ஒரு சத்தம், பிறகு டப்பென்று ஒன்று, பிறகு பையன்கள் கத்துவார்கள். ஒருநாள்கூட நான் உள்ளே போகவில்லை. கடைப் பலகை இங்கிலீஷில் இருந்தது. எனக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். இது என்ன கடை என்று முதல் நாளே அக்காவிடம் கேட்டேன்.

"வீடியோ கேம்ட்டி. வீட்டுல சொல்லிராத."

திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவாள். ஒரு விமானம் போகும். கீழே கடலில் கப்பல். விமானத்திலிருந்து குண்டை விட வேண்டும். கப்பலுக்கு நேர் மேலே வந்தபின் விட்டால் குண்டு கப்பலைத் தாண்டிப் போய் விழும். சார் ஆட விடுவதற்கு முன்னால் எல்லோரையும் நோட்டில் எழுதச் சொல்வார்: எந்த இடத்தில் விடுவாய், ஏன்? பெட்டியின் கண்ணாடியில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுத்தான் ஆட்டம். பையன்கள் அவசரத்தில் கோட்டை மறந்துவிடுவார்கள். அக்கா மறக்க மாட்டாள். அவள் கை வைத்தால் கப்பல் மூழ்கியது.

பட்டறையில் எனக்குச் செய்து காட்டினாள். கையில் ஒரு தோல் துண்டை வைத்துக்கொண்டு வாசலிலிருந்து ஓடி வருவாள். திறந்திருக்கும் சொலூஷன் டப்பாவுக்கு இரண்டு எட்டு முன்னாலேயே கையை விடுவாள். துண்டு தானாகப் பறந்து போய் டப்பாவுக்குள் விழும். நான் ஓடினால் ஒவ்வொரு தடவையும் தாண்டித்தான் விழுந்தது.

"ஏட்டி, நீ ஓடுத வேகம் அதுக்கும் இருக்கும்லா? விட்ட ஒடனே அது நேரா கீழ வுழாது. அதனால முன்னாடியே விடணும்."

அப்பா வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்ன கூத்துட்டி இது?"

"சயின்ஸ்ப்பா."

அவரும் எழுந்து ஒரு தடவை ஓடினார். துண்டு சுவரில் போய் மோதியது. சிரித்தார். அப்பா சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்றைக்குத்தான் அக்கா கேட்டாள்: பத்தாவது முடித்தால் டிராம்பே பக்கம் லேபில் வேலைக்கு எடுக்கிறார்களாம், போகட்டுமா என்று. "மொதல்ல பத்து முடி. மத்தத அப்புறம் பாப்போம்" என்றார். அக்காவுக்கு அது போதும். பத்து முடிக்கலாம் என்று அப்பா வாயால் சொல்லிவிட்டார்.

இனி அத்தை. அப்பாவின் அக்கா. ஆண்டாப் ஹில்லில் இருந்தாள். அவள் மகனுக்கு விக்ரோலியில் கம்பெனி வேலை. பிறந்த அன்றே அக்கா அவனுக்குத்தான் என்று பேசி வைத்ததாம். பத்தாவது முடியட்டும் என்று அப்பா சொன்னதிலிருந்து அத்தைக்கு முகம் சரியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அக்கா குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா கீழே. அம்மா அடுப்படியில். அத்தை என்னை மடியோடு இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

"சனிக்கெழம சனிக்கெழம அக்காளும் தங்கச்சியும் எங்க போறிய?"

அவள் சேலை முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தா பாரு, கொழுப்ப. அத்த கேட்டா வாயில கொழுக்கட்டையாட்டி? பாலத்துல பாத்தேன்னு ஆளு சொல்லுது. பயலுவ கூட போனாளாமே?"

"கிளாசுக்கு" என்றேன்.

"பள்ளிக்கூடம் இந்தப் பக்கம் கெடக்கு, பாலம் ஏறியா கிளாசு?" தொடையில் நகம் பதியக் கிள்ளினாள். "சொல்லுட்டி. எங்க?"

வலித்தது. அழுகை வந்தது. "வீடியோவுக்கு" என்றேன். அடுத்த சொல் நாக்கில் இருந்தது. வரவில்லை. கிள்ளின கை அதற்குள் எடுபட்டுவிட்டது. அவளுக்கு அவ்வளவு போதும்.

இப்போது உள்ள பிள்ளைகளுக்கு இது விளங்காது. உங்களுக்கு விளங்கும். அப்போது நம் பக்கம் வீடியோ என்றால் தகரக் கொட்டகைதான். கறுப்பு ரெக்சின் திரை, உள்ளே ஒரு டி.வி. மத்தியானம் குடும்பப் படம் போடுவார்கள். அது முடிந்ததும் பொம்பளைகளை வெளியே அனுப்பிவிட்டு ஆம்பளைகளுக்கு மட்டும் வேறு படம். 'வீடியோவுக்குப் போறவன்' என்றால் என்ன அர்த்தம், 'வீடியோவுக்குப் போறவ' என்றால் என்ன அர்த்தம் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அத்தை எழுந்து நின்று கத்தினாள். ஏணிக்குக் கீழே அப்பாவுக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் உள்ளவர்களுக்கும் சேர்த்துக் கத்தினாள். "ஏ தம்பி! ஒம் மவள பத்து படிக்க வைக்கியே, அவ எங்க படிக்கான்னு கேளு! பயலுவ கூட வீடியோவுக்குப் போயி படிக்கா!"

அக்கா குடத்தோடு ஏறி வந்தாள். "வீடியோ இல்லத்த. கேமு. வீடியோ கேமு!"

"கேமா? என்னத்தக் கேமு? எவங்கூடட்டி கேமு?"

பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். அம்மா அக்காவை அடிக்கவில்லை, என்னை அடித்தாள். துணைக்கு அனுப்பினது என்னைத்தானே. அப்பா ஏறி வரவே இல்லை. கீழே சுத்தியல் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் குழாயடிக்குப் போனபோது பேச்சு நின்றது. நாலு தெரு தாண்டியும் தெரிந்திருந்தது. அத்தை போகிற வழியில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அக்காவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அவள் அப்பா முன்னால் போய் நின்றாள். "நீங்களே போயிப் பாருங்கப்பா. மாட்டுங்கா ஸ்டேஷன் கிட்ட. எல்லாம் பெட்டி. ஒரு படமும் கெடையாது. பாத்துட்டு வந்து என்னக் கொல்லுங்க." அப்பா தோலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஒரு காகிதத்தை மடித்து என் கையில் திணித்து, "சார் கிட்ட குடு" என்றாள். அந்த நாலு நாளில் அவள் என்னிடம் பேசியது அதுதான்.

சார் வராந்தாவில் நின்று வாசித்தார். ஒரு தடவை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லுங்கள், அது கேம்தான் என்று சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். விரலில் இருந்த சாக்பீஸ் தூள் காகிதத்தில் பட்டது. அதை நாலாக மடித்துப் பேனாக்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"நான் வந்தா இன்னும் தப்பாயிடும்மா. ஹெட்மாஸ்டர் கிட்டயே நான் சொல்லலை. நாளைக்கு என் வேலைக்கு வந்துடும். நீ குழந்தை, உனக்குப் புரியாது. போ."

எனக்குப் புரிந்தது. 'கேம்' என்கிற சொல் என் வாயில் நின்றது கிள்ளு வாங்கியதால். அவர் வாயில் நின்றதற்கு என்ன வலி? அந்தச் சனிக்கிழமையும் பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார். இன்றைக்கும் அந்தப் பையன்கள், தலை நரைத்தவர்கள், அவரைப் போல சயின்ஸ் சொல்ல ஆள் கிடையாது என்கிறார்கள். உண்மைதான். நல்லாத்தான் சொன்னார். என் கோபமே அதுதான். ஒன்றும் தெரியாத வாத்தியாராக இருந்திருந்தால் அக்கா படியேறியிருக்கவே மாட்டாள்.

அந்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் அப்பா கை கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு எங்கோ போனார். வெகுநேரம் ஆகவில்லை, வந்துவிட்டார். சாப்பிட்டுவிட்டு மறுபடி பட்டறையில் உட்கார்ந்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு பித்தளை வில்லையைக் கையில் கொடுத்தார். "பட்டனுக்கு அடியில வைக்கத் தோலு வட்டம் வேணும். இத வச்சுப் பென்சிலால போட்டு வெட்டு" என்றார். பரீட்சை முடிந்ததும் என் பள்ளிக்கூடமும் முடிந்தது. பெரியதே இப்படி என்றால் சின்னது எதற்கு என்று அம்மாதான் சொன்னாள்.

வைகாசியில் கல்யாணம். அத்தை பட்டுச் சேலையில் நடந்த நடை இன்னும் கண்ணில் இருக்கிறது. "இந்தப் பேச்சுக்குப் பெறவும் நாங்க கெட்டுதோம்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். போன வருடம் அவள் போய்ச் சேர்ந்தாள். நான் போகவில்லை.

அக்காவின் சயின்ஸ் நோட்டு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். புதுப் பை அமுங்காமல் இருக்க உள்ளே காகிதத்தைக் கசக்கி அடைப்போம் இல்லையா? அம்மா அந்த நோட்டைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள். நான்தான் கசக்கினேன். விமானம், வளைந்த கோடு, கப்பல், பக்கத்தில் சாரின் சிவப்பு டிக். எந்தக் கடையில் எந்தப் பொம்பளை பையைத் திறந்து, அதை எடுத்து எறிந்தாளோ.

மறு வருடம் அக்கா முதல் பிரசவத்துக்கு வந்தாள். நான் தினம் வட்டம் வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த வில்லையின் விளிம்பில் மூன்று இடத்தில் சின்ன வெட்டு இருக்கும். பென்சில் அதில் இறங்கி ஏறும். ஒவ்வொரு வட்டத்திலும் மூன்று பள்ளம் விழும். அதைப் பார்க்காமல் வட்டமாக வெட்டிப் பழகிவிட்டேன். அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏணியில் இறங்கி வந்தாள். தோலில் நான் கோடு போட்டு வைத்திருந்ததைப் பார்த்தாள். குனிய முடியாமல் குனிந்து, ஒரு பள்ளத்தை விரலால் தொட்டாள்.

"இது எதால போட்ட?"

காட்டினேன்.

"ஏதுட்டி ஒனக்கு?"

"அப்பா தந்தாவ."

"எப்போ?"

"ஒன் கல்யாணத்துக்கு முன்ன. சாருக்கு லெட்டர் கொண்டு போனேம்லா, அந்த வாரம்."

தோல் குவியலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இது அந்தக் கடை டோக்கன்ட்டி. உள்ள போயி, கேட்டு வாங்கித்தான் பெட்டியில போடணும். வெளிய எங்கயும் கெடைக்காது."

அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அங்க போனியளாப்பா?"

"போனேன்."

"பாத்தியளா?"

"பாத்தேன். சின்னப் பயலுவ பெட்டியத் தட்டிட்டு நின்னானுவ. ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுமாப்பா?"

"தெருப் பூரா வீடியோன்னு ஆயிப்போச்சு. நான் வீடு வீடாப் போயி, அது வேற வீடியோ, இது வேற வீடியோன்னு சொல்லிட்டா இருக்க முடியும்?"

அக்கா டோக்கனின் வெட்டை நகத்தால் வருடினாள். பிறகு கேட்டாள். "டோக்கன் வாங்குனியளே, வெளையாடலியா?"

"எப்படிப் போடணும்னு தெரியல. பயலுவகிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு. கொண்டாந்துட்டேன்." சுத்தியலை மறுபடி எடுத்தார். "பட்டனுக்கு அளவு சரியா இருந்துச்சு."

கேட்க வெட்கமாம். எனக்கு எங்கிருந்து இந்தக் குணம் வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்காக அவர் மேல் இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டபோது எனக்குப் பத்து வயசு, அவருக்கு நாற்பது.

மறுநாள் காலை அப்பா தோல் வாங்கப் போயிருந்தார். நான் டோக்கனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். சொலூஷன் டப்பா திறந்திருந்தது. பாதிக்கு மேல் இருந்தது. ஓடி வந்தேன். இரண்டு எட்டு முன்னால் கையை விட்டேன். அது என்னை விட்டுப் போய், டப்பாவின் நடுவில், சத்தமே இல்லாமல் விழுந்தது. அத்தனை நாளில் நான் தாண்டாமல் போட்டது அது ஒன்றுதான். மஞ்சள் பசை மெதுவாக அதன்மேல் மூடியது.

நிமிர்ந்து பார்த்தேன். ஏணியின் மேல்படியில் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழுசும் பார்த்திருக்கிறாள். சிரிக்கவில்லை.

"இப்பத்தான் சரியா விட்டுருக்க" என்றாள்.